படத்தில் இல்லாதவர்கள்

ஆகாயப் பிரயாணத்தின் சரித்திரத்தைப் படங்களாகவே தொகுத்துத் தரும் பருத்த நூல்கள் பல உள்ளன. அவற்றுள் எதனை எடுத்துப் புரட்டினும் தொடக்கத்தில் ஒரு படம் தவறாமல் இருக்கும். பரந்த மணல்வெளி. வெளிறிய வானம். துணி போர்த்த இரண்டடுக்கு இறகுகளோடு கூடிய விசித்திர யந்திரம் ஒன்று தரையை விட்டு ஏறக்குறைய இரண்டடி உயரத்தில் நிற்கிறது. அதன் கீழ்த்தட்டிலே ஒருவர் குப்புறப் படுத்திருக்கிறார். வலப்புறத்தில் இன்னொருவர், ஓடி வந்தவர் சட்டென நின்றாற் போன்ற நிலையில், அந்த யந்திரத்தையே நோக்கி நிற்கிறார். மணலில் காலடிச் சுவடுகள். சற்று இப்பால், இறகைத் தாங்கியிருந்த சிறு பீடம் தனியே கிடக்கிறது.

படுத்திருப்பவர் ஓர்வில் ரைட். நிற்பவர் அவருடைய தமையனார் வில்பர். இடம், அமெரிக்காவின் வட கரோலினாக் கரையிலுள்ள கில் டெவில் மணற்குன்றுகள். காலம், 1903 டிசெம்பர் 17, காலை 10.35 மணி. இவ்வளவையும் பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் இந்தப் படத்தைப் பிடித்தவர் யார்? இக்கேள்விக்கு விடை தெரிந்தவர் நூற்றில் ஒருவர் இருப்பரோ என்பது ஐயமே.

அவர் பெயர் ஜோன் டானியல்ஸ். அப்பகுதியிலிருந்த கடல் உயிர்காப்பு நிலையத்தின் ஊழியர். புயலில் அகப்பட்டுக் கரைதட்டும் கப்பல்களிலிருந்து மாலுமிகளை மீட்பதே அவர் தொழில். அன்று காலை, உதவிக்கு ஆள் தேவை என்று ரைட் சகோதரர் அடையாளம் காட்டியபோது வந்து சேர்ந்த ஐவருள் அவரும் ஒருவர். கமராவை முக்காலியில் நிறுத்தி, யந்திரம் தண்டவாளத்தை விட்டு மேலெழும் என்று தாம் எதிர்பார்த்த இடத்தை நோக்கிக் குறிவைத்தவர் ஓர்வில். டானியல்ஸ் செய்ய வேண்டியிருந்தது ஒன்றேயொன்று: யந்திரம் எழும் கணத்தில் கையிலுள்ள றப்பர்க் குமிழை அழுத்த வேண்டும். அதற்கு முன்னர் அவர் படம் பிடித்து அறியாதவர். யந்திரம் எழுந்தது. மனிதர் பரவசத்தில் தம்மை மறந்தார். குமிழை அழுத்தினோமோ இல்லையோ என்பது பின்னர் அவருக்கே நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. நத்தாருக்கு ஊர் திரும்பிய சகோதரர், டேற்றன் நகரத்து வீட்டின் இருட்டறையிலே கண்ணாடித் தகட்டைக் கழுவிய பொழுதுதான், டானியல்ஸின் கை தன் கடமையைச் செய்துவிட்டது என்பது வெளிப்பட்டது.

அன்றைய முதற் பறப்பு 12 விநாடி நீடித்தது. தூரம் 120 அடி. இன்றைய பெரிய பயணி விமானம் ஒன்றின் இறகு முனையிலிருந்து மறுமுனைவரை அளந்தால் அதனினும் அதிகமாக வரும். எதிர்காற்று மிகப் பலமாக வீசியதால் யந்திரம் தரையளவில் மெல்லவே நகர்ந்தது. வில்பர் அதனோடு கூட ஓடி வந்ததும் அதனாலேதான். அன்று நான்காம் முறை பறந்தபொழுது 59 விநாடியில் 852 அடி சென்றார்கள். பிறகு, யந்திரம் தரையில் நின்ற வேளையில் காற்று அதனைப் புரட்டியது. ஓடிப்போய்ப் பிடித்த டானியல்ஸ் மரச்சட்டங்களுக்கும் கம்பிகளுக்கும் நடுவே சிக்கி, யந்திரத்தோடு சேர்ந்து மணலில் உருண்டார். காயங்களோடு தப்பியவர், உலகத்தின் முதலாவது விமான விபத்தில் உயிர்பிழைத்தவன் யானே என்று பின்னாளில் பெருமையோடு சொல்லிக்கொள்வாராம். ஓர்வில் ரைட் காலமானது 1948 ஜனவரி 30ஆம் நாள். காந்தியடிகள் மறைந்த அதே நாள். டானியல்ஸ் மறுநாள் இறந்தார்.

இந்த ஒரு படம் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ரைட் சகோதரர் தம் யந்திரத்தின் நுட்பத்தைப் பிறர் கவர்ந்துவிடுவரோ என அஞ்சிப் படத்தை வெளியிடாமலே வைத்திருந்தனர். ஐரோப்பாவிலே பலர் அவர்களைப் பொய்யர் என்றே நினைத்தனர். 1906இல் பாரிஸில், பெருங்கூட்டத்தின் முன்னிலையில் பிரேசில் நாட்டவரான சாந்தோஸ் துமோன் பறந்தார். முதன்மை அவருக்கே என்று அந்நாட்டார் இன்றும் சாதிப்பர். 1908 ஓகஸ்டில் வில்பர் பிரான்சிலே நேரிற் பறந்து காட்டிய பின்னரே வாய்கள் மூடின. டானியல்ஸ் பிடித்த படம் அச்சில் வந்ததும் அதற்கு அடுத்த மாதத்திலேதான். 1913இல் டேற்றன் நகரைப் பெருவெள்ளம் மூடியபொழுது அந்தத் தகடும் நீரில் மூழ்கியது. மூலையில் ஒரு சிறு பகுதி உரிந்து போயிற்று. மற்றதெல்லாம் தப்பியது தெய்வாதீனம் என்றே சொல்லவேண்டும்.

படம் இல்லாதவரின் கதியையும் பார்ப்போம். கனெற்றிக்கட் மாநிலத்திலே குடியேறிய குஸ்தாவ் வைற்ஹெட் என்னும் ஜேர்மானியர் 1901 ஓகஸ்டிலேயே யந்திர விசையால் பறந்தார் என்று அக்காலப் பத்திரிகை ஒன்று எழுதியது. சாட்சிகள் என்று சிலர் பெயரும் உண்டு; பறக்கும் நிலையில் எடுத்த தெளிவான படம் ஒன்றுமில்லை. 2013இல் அம்மாநிலச் சட்டசபை வைற்ஹெட்டுக்கே முதன்மை தந்து சட்டமும் இயற்றியது. பழைய கண்காட்சிச் சுவர் ஒன்றின் படத்தைப் பெருப்பித்து, அதிலே தெரியும் மங்கிய கறை அவர் பறக்கும் காட்சி என்று காட்டினார்கள். அது வேறொருவருடைய, பொறியில்லாத ஊர்தியின் படம் என்று ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டிவிட்டனர். வைற்ஹெட் பறந்தாரென்று நாம் நம்பவில்லை. ஆனால் றப்பர்க் குமிழை அழுத்த ஒரு டானியல்ஸ் அவர் அருகில் இருக்கவில்லை என்பது மாத்திரம் நிச்சயம்.

ரைட் சகோதரரின் ஆசைக்கு வித்திட்டதும் படங்களே என்பதை இங்கு சொல்லாமல் விடுதல் நீதியன்று. ஜேர்மனியிலே ஒற்றோ லிலியெந்தால் என்பவர் நாரையின் பறப்பை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து, மூங்கிற் பிளாச்சு போன்ற இலேசான சட்டங்களில் துணி போர்த்த இறகுகளைத் தோளில் மாட்டிக்கொண்டு, குன்றிலிருந்து சரிந்து பறந்தார். 1891 முதல் ஐந்தாண்டுகளில் ஏறக்குறைய 2000 தடவை பறந்தவர் அவர். மிக விரைவாகத் திறந்து மூடும் கமராத் திரையை ஆக்கிய ஒற்றோமார் அன்ஷூற்ஸ் முதலியோர் அவரை அந்தரத்தில் வைத்துப் பிடித்த படங்கள் அமெரிக்கச் சஞ்சிகைகள் வரை சென்றன. மனிதன் இறகோடு வானில் தொங்குகிறான் என்பதை உலகம் கண்ணாற் கண்டது அப்பொழுதே. 1896 ஓகஸ்ட் 9ஆம் நாள் விழுந்து முதுகெலும்பு முறிந்து, மறுநாள் பேர்லினிலே லிலியெந்தால் இறந்தார். அம்மரணச் செய்தியே ரைட் சகோதரரின் பழைய ஆர்வத்தை மீண்டும் தூண்டிவிட்டது.

ஏடுகளைப் புரட்டிக்கொண்டு போனால் 1937ஆம் ஆண்டை அடைகிறோம். மே 6, நியூ ஜேர்சியிலுள்ள லேக்ஹேர்ஸ்ற். ஹிண்டன்பேர்க் என்னும் ஜேர்மன் ஆகாயக் கப்பலின் பின்புறம் தீப்பந்தாகி வானத்தை நிறைக்கிறது. முன்புறம் இன்னும் மிதக்கிறது. கீழே கட்டுங்கோபுரம் கரிய கோடாகத் தெரிகிறது. அந்த ஆண்டின் முதலாவது அத்திலாந்திக் வருகை என்பதாற் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் பலர் அங்கே கூடியிருந்தனர். அவருள் சாம் ஷியர் என்பவர், கமராவைக் கண்வரை உயர்த்தவும் நேரமின்றி இடுப்பருகில் வைத்தே அமுக்கினார். அரை நிமிடத்துக்குச் சற்றே அதிகமான நேரத்தில் யாவும் முடிந்தது.

இப்படத்தைக் காண்பவர் யாவரும், இதில் ஒருவரும் பிழைத்திருக்க மாட்டார் என்றே எண்ணுவர். உண்மை வேறு. கப்பலில் இருந்தவர் 97 பேர்; அவர்களுள் 62 பேர் உயிர் தப்பினர். தரையில் நின்ற தொழிலாளி ஒருவரையும் சேர்த்து இறந்தவர் 36 பேர். இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1933 ஏப்ரில் 4ஆம் நாள், அமெரிக்கக் கடற்படையின் அக்ரன் என்னும் ஆகாயக் கப்பல் புயலிற் சிக்கிக் கடலில் விழுந்தது. 76 பேரில் 73 பேர் மாண்டனர். ஆகாயக் கப்பல்களின் சரித்திரத்தில் அதனினும் பெரிய உயிர்ச்சேதம் இல்லை. ஆயினும் அக்ரனின் பெயரை இன்று யார் அறிவர்? அது விழுந்தது நள்ளிரவுக்குப் பின், இருண்ட கடலில். படம் பிடிக்க அங்கே ஒருவரும் இல்லை. ஹிண்டன்பேர்க்கின் படமோ மறுநாளே பத்திரிகைகளின் முகப்பை நிறைத்தது. ஆகாயக் கப்பலில் ஏறுவோரும் அத்தோடு இல்லாமற் போயினர். நெருப்பிலிருந்து எழுந்து ஓடிய 62 பேரும் படத்தில் இல்லாதவர்களே.

அடுத்த படம் பார்வைக்கு அழகற்றது. கறுப்பு வெள்ளை, மணிமணியான புள்ளிகள், மேலே கன்னங்கரிய வெளி, கீழே மேகத் திட்டுகளோடு வளைந்து செல்லும் பூமியின் விளிம்பு. 1946 ஒக்டோபர் 24ஆம் நாள் நியூ மெக்சிக்கோப் பாலைவனத்திலிருந்து செலுத்திய வி-2 ரொக்கெட் ஒன்று, ஏறக்குறைய 105 கிலோமீற்றர் உயரத்தில் எடுத்த படம். விண்வெளியிலிருந்து எடுத்த முதலாவது பூமிப்படம் இதுவே என்பர். சினிமாக் கமரா ஒன்று ஒன்றரை விநாடிக்கு ஒரு படமாக எடுத்துக்கொண்டே போயிற்று. ரொக்கெட் திரும்பி விழுந்து பொடிப்பொடியானது, கமராவும் நொறுங்கியது, உருக்குப் பேழையில் வைத்திருந்த படச்சுருள் மட்டும் பிழைத்தது. பூமி உருண்டை என்பதை ஏட்டிற் படித்திருந்த மனிதன் அதன் வளைவைக் கண்ணாற் காண்பதற்கு இத்தகைய சூழ்ச்சி வேண்டியிருந்தது.

ஆனால் அந்த ரொக்கெட் எங்கிருந்து வந்தது? போர் முடிவில் அமெரிக்கர் ஜேர்மனியிலிருந்து கொண்டு வந்த பாகங்களாற் பூட்டியது அது. அப்பாகங்களை ஆக்கியது நோர்ட்ஹவுசனுக்கு அருகே மலையைக் குடைந்து அமைத்த இரகசியத் தொழிற்சாலை. அங்கே வேலை செய்தவர் டோரா முகாமின் கைதிகள். பிரெஞ்சுக்காரர், ரஷ்யர், போலந்தினர் எனப் பல நாட்டவர். மாதக்கணக்காகச் சூரியனைக் காணாது சுரங்கத்தினுள்ளேயே உறங்கி எழுந்து உழைத்தவர் அவருட் பலர். பட்டினியாலும் நோயாலும் தூக்குக் கயிற்றாலும் அம்முகாமில் மாண்டோர் ஏறக்குறைய 20,000 பேர் எனக் கணக்கிடுவர். வி-2 குண்டுகள் விழுந்த ஊர்களில் இறந்தவர் தொகையிலும் இது பெரிது. பூமியின் வளைவைக் காட்டும் படத்தைப் புகழாத விண்வெளி நூல் இல்லை. இதனையும் சேர்த்துச் சொல்லும் நூல் சிலவே.

1959 ஒக்டோபர் 7ஆம் நாள் சோவியத் நாட்டின் லூனா 3 சந்திரனின் மறுபக்கத்தைப் படம் பிடித்தது. படச்சுருளைத் தன் வயிற்றுக்குள்ளேயே கழுவி, உலர்த்தி, ஒளிக்கற்றையால் தடவி, வானொலி அலையாக மாற்றி அது பூமிக்கு அனுப்பியது. மனிதன் தோன்றிய நாள் முதல் எவரும் காணாத அந்தப் பக்கம் மங்கலாகத் தெரிந்தது. கண்டதற்கெல்லாம் அவசரமாகப் பெயர் சூட்டினார்கள். சோவியத் மலைத்தொடர் என்று ஒன்றுக்குப் பெயரிட்டார்கள். பின்னர் தெளிவான படங்கள் வந்தபோது, அது மலையே அன்று, எரிமீன் மோதிய குழியொன்றிலிருந்து தெறித்த வெளிர் நிறக் கீற்று என்று தெரிந்தது. இருந்ததைக் காட்டாமல் விடுவதைப் போலவே, இல்லாததைக் காட்டுவதும் படத்துக்கு இயலும்.

இவையெல்லாம் படத்தின் குறை. ஒருவர் மேலும் பழியில்லை. இனிச் சொல்லப்போவது மனிதர் வேண்டுமென்றே செய்தது.

1961 ஏப்ரில் 12ஆம் நாள் யூரி ககாரின் 108 நிமிடத்தில் பூமியைச் சுற்றி வந்தார். அடுத்த மாதம் கருங்கடற்கரையிலுள்ள சோச்சி நகரிலே விண்வெளி வீரர்கள் ஓய்வெடுக்கச் சென்றபொழுது அவர்களை ஒன்றாக வைத்துச் சில படங்கள் பிடித்தார்கள். நடுவே கனத்த உடலும் குறுகிய கழுத்தும் உடைய ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவரே சேர்கெய் கொரொலியொவ். ஸ்புட்னிக்கையும் ககாரினையும் வானுக்கு அனுப்பிய தலைமை நிர்மாணகர். எதிரிகள் அவரைக் கொன்றுவிடுவர் என்ற அச்சத்தால் அரசு அவர் பெயரையும் முகத்தையும் மறைத்து வைத்திருந்தது. அவர் செய்த காரியங்களை உலகம் கொண்டாடியது, அவரை அறியாது. 1966 ஜனவரியில் அவர் இறந்த பின்னரே பெயர் பத்திரிகையில் வந்தது.

அதே தொகுதியில் ஒரு படம் இரண்டு விதமாக வெளிவந்திருக்கிறது. ஒன்றிலே பின்வரிசையில் ஓர் இளைஞர் நிற்கிறார். மற்றொன்றிலே அவர் நின்ற இடத்தில் பின்னணி மட்டும் தீட்டப்பட்டிருக்கிறது. ஆள் இல்லை. மேனாட்டு ஆராய்ச்சியாளர் இரு பிரதிகளையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தபொழுது வேறுபாடு தெரியவந்தது. அவர் யார்? விபத்தில் இறந்தவரோ, மறைக்கப்பட்ட மரணம் எத்தனையோ என்றெல்லாம் வதந்திகள் பெருகின.

அவர் கிரிகோரி நெலியூபொவ். 1960இல் தெரிந்தெடுக்கப்பட்ட இருபது வீரர்களுள்ளும் முன்னணியில் நின்ற அறுவரில் ஒருவர். ககாரினுக்கு ஏதும் நேர்ந்தால் திட்டோவ். திட்டோவுக்கும் நேர்ந்தால் நெலியூபொவ். அவ்வளவு அருகில் இருந்தவர். 1963இல் புகைவண்டி நிலையம் ஒன்றில் இராணுவக் காவலரோடு வாய்ச்சண்டை. மன்னிப்புக் கேட்டால் முறைப்பாட்டை விட்டுவிடுவதாகச் சொன்னார்கள்; அவர் கேட்கவில்லை. கூடவிருந்த இருவரோடு அவரும் படையிலிருந்து நீக்கப்பட்டார். தூரகிழக்கில் ஒரு விமானப்படைப் பிரிவுக்கு மாற்றினார்கள். நானும் விண்வெளி வீரனாயிருந்தவன் என்று அங்கே அவர் சொன்னால் நம்புவார் இல்லை. நம்புதற்கு ஆதாரமாகக் காட்டப் பத்திரிகையில் அவர் படம் இல்லை. 1966 பெப்ரவரியில் ஓடும் புகைவண்டியில் மோதுண்டு இறந்தார்.

இருபதின்மரில் மிக இளையவர் வலண்டீன் பொண்டரென்கோ. வயது 24. 1961 மார்ச் 23, அதாவது ககாரின் பறப்பதற்கு இருபது நாள் முன்னர், தனிமைப் பயிற்சிக்காக அடைக்கப்பட்ட அறையில் அவர் இருந்தார். அறையில் பிராணவாயு மிகுதி. உடலில் ஒட்டியிருந்த கருவிகளைக் கழற்றி, மதுசாரம் தோய்த்த பஞ்சினால் தோலைத் துடைத்து, பஞ்சை வீசினார். அது சூடான மின்னடுப்பில் விழுந்தது. அறை முழுவதும் தீ. சில மணி நேரத்தில் இறந்தார். அந்த மரணத்தை அந்நாட்டுப் பத்திரிகை முதன்முதலில் எழுதியது 1986இலே. இருபத்தைந்து ஆண்டு சென்ற பின். இடையில், 1967 ஜனவரி 27ஆம் நாள், பிராணவாயு நிறைந்த அப்போலோக் கூண்டினுள் தீப்பற்றி மூன்று அமெரிக்க வீரர் மாண்டனர். முந்திய விபத்தை உலகம் அறிந்திருந்தால் பிந்தியது நிகழ்ந்திராது என்று வாதிப்பவர் உளர். பிராணவாயுவின் ஆபத்து அமெரிக்கருக்கும் தெரியாததன்று. ஆகவே அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல நாம் தயங்குகிறோம். ஆயினும் ஒரு மரணத்தைப் படத்திலிருந்தும் ஏட்டிலிருந்தும் எடுத்துவிட்டால், அதிலிருந்து கற்கவேண்டியதும் கூடவே போய்விடுகிறது. இன்று சந்திரனின் மறுபக்கத்திலே ஒரு குழிக்குப் பொண்டரென்கோ என்று பெயர் இட்டிருக்கிறார்கள்.

படம் பிடிக்க முடியாதபோது மனிதன் என்ன செய்வான்? வரைவான். 1965 மார்ச் 18ஆம் நாள் அலெக்சி லியோனோவ் கலத்தை விட்டு வெளியே வந்து விண்வெளியில் மிதந்தார். முதல் மனிதர் அவரே. உள்ளிருந்த காற்றின் அழுத்தத்தால் அவருடைய அங்கி ஊதிப் பெருத்தது. மார்பிலே கமரா இருந்தது. அதன் விசையோ கைக்கு எட்டவில்லை. அங்கியிலிருந்து காற்றைச் சிறிது சிறிதாக வெளியேற்றித்தான் அவரால் மீண்டும் உள்ளே நுழைய முடிந்தது. உயிர் தப்பி உள்ளே வந்தவர், நூலிற் கட்டி வைத்திருந்த வர்ணப் பென்சில்களை எடுத்து, பூமியின் விளிம்பில் தாம் கண்ட சூரிய உதயத்தைத் தாளிலே தீட்டினார். விண்வெளியில் வரைந்த முதல் ஓவியம் அது. கமராக்கள் எத்தனையோ பிடித்த உதயங்களைக் கண்டிருக்கிறோம். இந்தக் கோணற் கோடுகளில் உள்ள நெஞ்சத் துடிப்பு அவற்றுக்கு இல்லை என்பது எமது அபிப்பிராயம்.

இனிச் சந்திர மண்டலம். 1968 டிசெம்பர் 24. அப்போலோ 8 சந்திரனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. உள்ளே போர்மன், லவல், அண்டேர்ஸ் என்னும் மூவர். அண்டேர்ஸின் வேலை கீழேயுள்ள குழிகளைப் படம் பிடிப்பது. கலம் மெல்லச் சுழன்றபொழுது யன்னலில் நீலமும் வெண்மையுமாகப் பூமி எழுந்தது. அண்டேர்ஸ் வியந்து கூவுகிறார். அது நிகழ்ச்சி நிரலில் இல்லையே என்று போர்மன் கேலி செய்கிறார். வர்ணப் படச்சுருளை விரைவாகத் தா என்று அண்டேர்ஸ் லவலிடம் கேட்கிறார். இத்தனையும் ஒலிப்பதிவில் இருக்கிறது. பூமியைப் படம் பிடிக்கவேண்டும் என்று அந்தக் கணத்துக்குத் திட்டமிட்டவர் ஒருவருமில்லை. பூமி உதயம் என்று உலகம் போற்றும் படம் அவ்விதம் வந்தது. அதனை எடுத்தவர் போர்மன் என்றும் அண்டேர்ஸ் என்றும் நெடுநாள் வழக்கிருந்தது. 2013இல், சந்திரனின் நிலப்படத்தோடு கலத்தின் பாதையையும் குரல்களையும் பொருத்திப் பார்த்து, அண்டேர்ஸே என்று நிறுவினர். அவர் எடுத்த நிலையில் சந்திரனின் விளிம்பு செங்குத்தாக நின்றது. உதயம் என்று தோன்றும்படி படத்தைப் பின்னர் திருப்பி அச்சிட்டார்கள். 2024 ஜூன் 7ஆம் நாள், தொண்ணூறாவது வயதில், சிறு விமானம் ஒன்றைத் தனியே செலுத்திச் சென்ற அண்டேர்ஸ் வாஷிங்டன் மாநிலத்துக் கடலில் விழுந்து இறந்தார்.

அதற்கடுத்த ஆண்டின் படத்தை அறியாதார் இல்லை. சாம்பல் நிறத் தரையில், வெள்ளை அங்கியும் பொன்னிற முகமூடியுமாய் ஒருவர் நிற்கிறார். முடி திருத்தும் கடைச் சுவர்களிலும் பள்ளிக்கூடச் சுவர்களிலும் அதனைக் காட்டி ஆம்ஸ்ட்ரோங் என்பார்கள். அன்று, அவர் ஓல்ட்ரின். 1969 ஜூலை 20ஆம் நாள் சந்திரத் தரையில் பெரும்பாலான நேரம் கமரா ஆம்ஸ்ட்ரோங்கின் மார்பிலேயே இருந்தது. ஆதலால் அங்கே முதற் காலடி வைத்தவரின் நல்ல நிழற்படம் ஒன்றுகூட இல்லை. சந்திரக் கலத்தருகே முதுகைக் காட்டி வேலை செய்யும் நிலையில் ஓல்ட்ரினின் கமராவில் அகப்பட்டது ஒன்று; நகரும் படங்களில் மங்கிய உருவமாகச் சில. மற்றபடி, ஓல்ட்ரினின் முகமூடிக் கண்ணாடியில் சிறு புள்ளியாகத் தெரியும் நிழலே அவர். அந்தப் படத்திலுங்கூட ஓல்ட்ரினின் தலைக்கு மேற்பகுதி கமராவில் வெட்டுண்டு போயிற்று. வெளியிட்டவர்கள் மேலே கறுப்பு வானத்தைக் கொஞ்சம் சேர்த்து ஒட்டினார்கள்.

மூன்றாமவரான மைக்கேல் கொலின்ஸ் தரையில் இறங்காமல் மேலே தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தார். இருவரும் திரும்பி வருகையில் அவர் எடுத்த படம் ஒன்று உண்டு. அருகே சந்திரக் கலம்; அதனுள் இரு தோழர். தொலைவில் பாதி ஒளியோடு பூமி. அதிலே அன்று வாழ்ந்த மக்கள் அனைவரும். உயிரோடிருந்த மனிதருள் அப்படத்தில் இல்லாதவர் ஒருவரே. அவர் கமராவுக்குப் பின்னால் இருந்தார். டானியல்ஸ் நின்ற அதே இடம் என்று எண்ணிக்கொண்டோம்.

பாரம் குறைக்கும் பொருட்டு அவ்வீரர்கள் படச்சுருள்களை மாத்திரம் எடுத்துக்கொண்டு கமராக்களை அங்கேயே விட்டு வந்தார்கள். ஆறு பிரயாணங்களில் விட்டுவந்த ஹசல்பிளாட் கமராக்கள் பன்னிரண்டு என்பர்.

1990 பெப்ரவரி 14ஆம் நாள் வொயேஜர் 1 அறுநூறு கோடி கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து திரும்பிப் பார்த்தது. பூமி ஒரு புள்ளியளவுகூட இல்லை. அந்தப் படத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை. ஆகவே நாம் விட்டுவிடுகிறோம். எமது கண் தங்கி நிற்பது அதற்கு முந்திய ஒன்றிலே.

1972 டிசெம்பர் 7. கடைசியாகச் சந்திரனுக்குச் சென்ற அப்போலோ 17, புறப்பட்டு ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில், முழுமையாக ஒளிபெற்ற பூமியைப் படம் பிடித்தது. மூவரில் யார் எடுத்தார் என்பதில் இன்றும் தகராறு. பெயர் மூவருக்கும் பொதுவாக இட்டிருக்கிறார்கள். எடுத்த நிலையில் தென்துருவம் மேலே இருந்தது; எமக்குப் பழக்கமான விதமாகப் புரட்டி அச்சிட்டனர். ஆபிரிக்கா முழுவதும் தெரிகிறது. அரேபியா தெரிகிறது. கீழே தென்துருவத்தின் பனி. வலப்பக்க மேல் ஓரத்தில், இந்தியா விளிம்பில் மறையும் இடத்தருகே, விரல்நுனியளவு வெண்சுழி ஒன்று உண்டு. அதைப் பலர் கவனியார்.

அது ஒரு புயல். இரண்டு நாட்களுக்கு முன், டிசெம்பர் 5ஆம் நாள், வங்காள விரிகுடாவிலிருந்து வந்து தமிழ்நாட்டுக் கரையைத் தாக்கிய அதே புயல். காற்றும் வெள்ளமும் ஊர்களைச் சூறையாடி, பல உயிர்களைக் கொண்டு சென்றன. அம்மூவரும் யன்னலோரம் கமராவோடு மிதந்த வேளையில், அந்தச் சுழி கடந்து வந்த கரையிலே கூரை இழந்த மக்கள் இருந்தார்கள். படத்திலே சுழி மாத்திரம் தெரிகிறது.